மீன் வெட்டிய காயம்

ஹக்காமாவை மடிப்பது பெவர்லியின் வேலை. முறைப்படி அது அவள் வேலையே இல்லை. வாள் பழகுகிறவன் பயிற்சி முடிந்த கையோடு, பழகும் மண்டபத்துத் தரையிலேயே மண்டி போட்டு, தன் உடுப்பைத் தானே மடித்து எடுத்துவர வேண்டும். மடிப்பதும் பயிற்சியில் சேர்த்திதான் என்பார் ஆசான், சென்செய். மற்றவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். அவள் புருஷன் டெரிக் மட்டும் பத்து வருஷமாக அதைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு வந்து, பையைக் கதவோரம் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விடுவான். ஆரம்பத்தில் அவசரம் உண்மையாகவே இருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் சீருடை மாட்டிக்கொண்டு விமான நிலையத்தில் நிற்க வேண்டும். பிறகு அவசரம் போனது, பழக்கம் போகவில்லை.

கட்டில் முழுக்க அதை விரித்தாள். அகலக் கால் வைத்த கறுப்புக் கால்சட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் பாவாடை. "ஒன் புருஷனோட பாவாடை காஞ்சிடுச்சா?" என்றுதான் மாமியார் அமலம்மாள் கேட்பாள். முன்பக்கம் ஐந்து மடிப்பு, பின்பக்கம் ஒன்று. ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் நீவி ஒரே கோட்டில் நிறுத்தி, மூன்றாக மடித்து, நீள நாடாக்களை மேலே குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி முடிக்க வேண்டும். காணொளி பார்த்து அவளே கற்றுக்கொண்டது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சர்க்கிட் பலகைகளைச் சோதித்து அனுப்பும் பிரிவில் சூப்பர்வைசர் அவள். கோணல் என்றால் கண் பொறுக்காது.

நாலரை மாதம் கழித்து இன்றைக்குத்தான் அந்தத் துணியில் வேர்வை. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நடுவில் சோப்பு தரையில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் விழுந்தது. இடது கைக் கட்டைவிரல் இன்னும் சரியாக மடங்கவில்லை.

டெரிக்குக்கு நாற்பத்து நான்கு வயது. பாகான் டாலாமில் வளர்ந்தவன். அப்பா லாரன்ஸ் துறைமுகத்தில் கிராணியாக இருந்து, மகன் விமானி ஆனதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். விமானி என்றதும் சொந்தக்காரர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு, என்னமோ லண்டனுக்கும் சிட்னிக்கும் போய் வருகிறான் என்று. அவன் பார்ப்பதெல்லாம் சுபாங்கும் லங்காவியும்தான். எழுபது பேர் உட்காரும் விமானம், இரண்டு பக்கமும் காற்றாடி. விடியுமுன் எழுந்து, நாலு தடவை ஏறி நாலு தடவை இறங்கி, பிற்பகலில் ஆயர் ஈத்தாம் பிளாட்டுக்கு வந்து சேரும்போது, மகள் ரெனீக்காக விமானத்தில் கொடுக்கும் கேக் துண்டு ஒன்று பையில் இருக்கும். "பஸ் ஓட்டுறவன்தான்லா நானும். என்னா, என் பஸ்சுல எறங்கணும்னு யாரும் நடுவுல மணி அடிக்க மாட்டாங்க" என்பான்.

பன்னிரண்டு வருஷமாக வலது பக்க இருக்கை. துணை விமானி. இடது பக்கம் கேப்டனுடையது. இரண்டு இருக்கைக்கும் நடுவில் ஒரு கை எட்டும் தூரம்தான். அந்தத் தூரத்தைக் கடக்கத்தான் பன்னிரண்டு வருஷம்.

வாள் பிடிக்க ஆரம்பித்தது முப்பத்து நாலு வயதில். ஜெலுத்தோங்கில் ஒரு மாடி மண்டபம். செவ்வாயும் சனியும் இவர்களுக்கு, மற்ற நாள்களில் சீனப் பெண்மணிகளின் வரிசை நடனம். அவன் பழகுவது இயாய்டோ. எதிரில் ஆள் கிடையாது. மண்டி போட்டு உட்கார்ந்திருப்பவன் எழும்போதே வாளை உருவி, இல்லாத எதிரியை வெட்டி, இல்லாத ரத்தத்தை உதறி, எதிரி மேல் வைத்த கண்ணை எடுக்காமல் வாளை மறுபடி உறைக்குள் செருக வேண்டும். செருகும்போது உறையைப் பார்க்கக் கூடாது. முதல் தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து பெவர்லி கேட்டாள்:

"இதுக்கா மூணு மணி நேரம்? வெட்டவே இல்லையே யாரையும்."

"நம்ம வேலையும் அதானே பெவ். ஒண்ணும் நடக்காம இருக்கத்தான் இவ்ளோ பழகுறோம்."

நல்ல பதிலாகத்தான் இருந்தது. அடுத்த வாரமே அவனுடைய முதல் ஹக்காமாவை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

மாதா மாதம் ரோஸ்டர், பறக்கும் நாள்களின் அட்டவணை, வரும். அதை எடுத்துக் குளிர்பெட்டியில் ஒட்டுவான். பறக்கும் நாளுக்கு நீலப் பேனா, வாளுக்குக் கறுப்புப் பேனா. வெள்ளையாக மிஞ்சுவது குடும்பத்துக்கு. சனிக்கிழமை பறக்கச் சொன்னால் யாரிடமாவது கெஞ்சி மாற்றிக்கொள்வான். அதற்குப் பதிலாக ஞாயிறோ கிறிஸ்துமஸோ போகும். சுபாங் ஓட்டலில் தங்கும் நாளில் குடையை வைத்துப் பழகுவான். வீட்டில் மரவாளை ஓங்கி மின்விசிறியின் ஒரு இறக்கையை உடைத்திருக்கிறான். ரெனீயின் முதல் நற்கருணை அன்று கோலாலம்பூரில் அவனுக்கு டான் தேர்வு, வாளில் அடுத்த படி ஏறுவதற்கு. சாயங்கால விமானத்தைப் பிடித்து ஓடி வந்தான். விருந்து முடிந்து, அவன் தங்கை சாண்ட்ரா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கையில் சான்றிதழோடு வாசலில் நின்றவனைப் பார்த்து, "ரெண்டு பேரும் ஒரே நாளுல பாஸ் பண்ணிட்டீங்க" என்று சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். பெவர்லியும் சிரித்தாள்.

அவனைக் குறை சொல்வதற்கில்லை. கோவிட் காலத்தில் பதினெட்டு மாதம் விமானம் பறக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தான்; கொடுக்கப் போன வீடுகளில் ஒன்று, அவனோடு வேலை செய்த கேப்டனுடையது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, மரவாளை எடுத்து, வேர்வை சொட்டச் சொட்ட ஒரே அசைவை நூறு தடவை செய்தான். குடிக்கப் போன ஆட்களை அவளுக்குத் தெரியும். சோபாவை மறுபடி இழுத்துப் போட்டது அவள்தான் என்றாலும், அந்த வாள்தான் புருஷனைக் காப்பாற்றியது என்று அவள் அறிவாள்.

வினை வந்தது வேறு வாளில். தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில் குடியிருந்த ஒரு ஜப்பானியக் கிழவர் ஊரோடு திரும்பிப் போகும்போது, தன்னிடம் இருந்ததை டெரிக்கிடம் கொடுத்துவிட்டுப் போனார். மண்டபத்தில் எல்லாரும் பிடிப்பது கூர் இல்லாத பயிற்சி வாள். இது கூர் உள்ள அசல். ஐந்தாம் டானுக்குக் கீழே யாரும் அசலைத் தொடக்கூடாது என்பது சென்செய் போட்ட சட்டம். டெரிக் மூன்றாம் டான். அலமாரியில் கோட்டுகளுக்குப் பின்னால் அதை வைத்துவிட்டு, "சும்மா இருக்கட்டும் பெவ், உருவ மாட்டேன்" என்றான். உருவினான். அவளுக்குத் தெரியும். வாளுக்குப் போடும் எண்ணெயின் கிராம்பு வாசம் கோட்டுகளில் வரும்.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் அந்த வீட்டில் இறைச்சி கிடையாது. பெவர்லி லீவு போட்டிருந்தாள். பசாரில் பெரிய தெங்கிரி மீன் ஒன்று வாங்கிவந்து, அடுப்படித் தொட்டியில் வைத்துச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். ரெனீ பள்ளிக்கூடத்தில். டெரிக் காலைப் பறப்பை முடித்துவிட்டு வந்து சோபாவைத் தள்ளும் சத்தம் கேட்டது. பத்து நாளில் நாலாம் டான் தேர்வு. அதைவிடப் பெரியது ஒன்றும் இருந்தது: கேப்டன் பயிற்சிக்கு அவன் பெயர் போயிருந்தது. தேதிக்காகக் காத்திருந்தார்கள். ரோஸ்டர் ஆபீசிலிருந்து வரும் அழைப்பு தவறிவிடக் கூடாது என்று அதற்கு மட்டும் தனி மணி வைத்திருந்தான்.

அந்த மணி அடித்தது.

வாள் அப்போது பாதி வழியில் இருந்தது. உறையின் வாயை இடது கைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் வளைத்துப் பிடித்திருக்க, வாளின் முதுகு அந்த விரல்களின் மேல் வழுக்கிப் போய், நுனி வந்ததும் உறைக்குள் இறங்க வேண்டும். கண் எதிரியிடம் இருக்க வேண்டும். டெரிக்கின் கண் மேசை மேல் இருந்த போனுக்குப் போனது. கண்ணோடு உடம்பும் கொஞ்சம் திரும்பியது. கூர் இல்லாத வாளாக இருந்தால் ஒரு சிராய்ப்பு. இது கட்டைவிரலின் அடியில் இறங்கி எலும்பு வரைக்கும் போனது.

அவன் கத்தவில்லை. போன் எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்ததுதான் அவளுக்கு வித்தியாசமாகப் பட்டது. "பெவ்," என்றான், ஏதோ தண்ணீர் கேட்பதுபோல. அவள் ஓடி வந்தபோது இடது கையை வலது கையால் பொத்திக்கொண்டு மண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். "போன எடு. கட்டாயிடும்." செதில் ஒட்டிய கையால் எடுத்தாள். ஒரு சின்னப் பெண்ணின் குரல். முதல் தேதியிலிருந்து கேப்டன் பயிற்சி ஆரம்பம், வாழ்த்துகள் என்றது. பெவர்லி "தேங்க் யூ" என்று சொல்லி வைத்துவிட்டுத் துண்டு தேடினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரோஹானா என்ற இளம்பெண் காயத்தைக் கழுவிக்கொண்டே எப்படி ஆனது என்று கேட்டாள். டெரிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்ல மாட்டான் என்று பெவர்லிக்குத் தெரிந்தது. வீட்டில் இருக்கக்கூடாத வாள், சென்செய்யின் சட்டம், கம்பெனி, எல்லாம் அந்தக் கூரையில் எழுதியிருந்தது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையில் மீன் வாசம். வாயில் வந்ததும் மீன்தான்.

"மீன் வெட்டும்போது," என்றாள்.

டாக்டர் அவள் விரல்களில் இருந்த செதிலைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

பொய்க்குக் கதவைத் திறந்துவிட்டது பெவர்லிதான். அதை அவள் மறுக்கவில்லை. அதற்குச் சோறு போட்டு வளர்த்தது அவன். கம்பெனியின் மருத்துவப் படிவத்தில் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டான்: சமையலறை விபத்து, மீன் வெட்டும்போது. அதற்கப்புறம் அது சும்மா ஒரு பேச்சு இல்லை. படிவத்தில் பொய் என்று தெரிந்தால் லைசென்ஸுக்கே ஆபத்து.

நரம்பு ஒட்டினார்கள். தசைநார் தைத்தார்கள். ஆறு வாரம் கட்டு, பிறகு பயிற்சி. வலது பக்க இருக்கையில் இருந்திருந்தால்கூட வலது கையால் ஓட்டலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கேப்டன் ஓட்டுவது இடது கையால். தரையில் விமானத்தைத் திருப்பும் சின்னச் சக்கரம் அந்த இடது பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. இதெல்லாம் பத்து வருஷச் சாப்பாட்டு மேசைப் பேச்சில் அவளுக்கு மனப்பாடம். எப்படியும், பறக்கவே கூடாது என்று மருத்துவக் குழு எழுதிவிட்டது. செப்டம்பரில் மறுபடி பார்ப்பார்களாம். முதல் தேதிப் பயிற்சிக்குக் கமாலுதீன் போனான். டெரிக்குக்கு ஆறு வருஷம் பின்னால் சேர்ந்தவன். ஜூனில் அவன் தோளில் கேப்டனின் நாலாவது கோடு ஏறியது. இப்போது டெரிக் ஆபீசில் உட்கார்ந்து வானிலைக் காகிதங்களை எடுத்து அவன் கையில் கொடுக்கிறான். கமாலுதீன் நல்லவன். இன்னும் "அபாங்" என்றுதான் கூப்பிடுகிறான். அண்ணன் என்று அவன் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் டெரிக் வீட்டுக்கு வந்து பேசாமல் சாப்பிடுகிறான்.

அமலம்மாள் மட்டும் பேசாமல் இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் நின்றே ஆரம்பித்தாள்.

"வானத்துல பறக்கிறவன் கையில மீன்கத்திய குடுத்திருக்கா. நீ என்னாம்மா செஞ்சிக்கிட்டு இருந்த?"

"மாமி, நான் பக்கத்துலதான்..."

"பக்கத்துலதான் இருந்தியா? அப்ப ஒன் கைக்கு என்னா வந்துச்சி?"

டெரிக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தூங்கவில்லை. தூங்கும்போது அவன் வாய் லேசாகத் திறந்திருக்கும்.

கோயிலில், சந்தையில், குடும்பத்துக் கல்யாணத்தில், கேப்டன் ஆகப் போனவனை மீன் வெட்ட வைத்தவள் பெவர்லி. சிலர் முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அதைப் பொறுத்துக்கொண்டாள். டெரிக் சொல்லவில்லை, மற்றவர்கள்தானே சொல்கிறார்கள் என்று ஒரு சமாதானம் இருந்தது. இந்த மாதம் முதல் வாரம் அதுவும் போனது. பாகான் டாலாமில் சாண்ட்ராவின் மகளுக்குப் பிறந்தநாள். சாப்பிடும்போது சாண்ட்ராவின் புருஷன் கெல்வின் கேட்டான்:

"மச்சான், கடைசியில அந்த மீனு தப்பிச்சிருச்சா, மாட்டிக்கிச்சா?"

டெரிக் சிரித்தான். நாலு மாதத்தில் அவன் அப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை.

"நான் எங்கடா வெட்டப் போனேன். பெவ்தான் வெட்டிக்கிட்டு இருந்தா. போன் வந்துச்சி. 'இந்தாங்க, ரெண்டு துண்டு போடுங்க'ன்னு கத்திய என் கையில குடுத்துட்டுப் பேசப் போயிட்டா. பொம்பளைங்க போன் பேச்சு தெரியும்ல? தெங்கிரியே கெட்டுப் போயிடும்."

மேசை சுற்றிச் சிரிப்பு. அமலம்மாள் சிரிக்கவில்லை. தட்டிலிருந்து தலையைத் தூக்கி மருமகளைப் பார்த்தாள். போன் பேசப் போனது அவளுக்குப் புதுச் செய்தி. பெவர்லி கையில் குழம்புக் கரண்டி. கெல்வின் தட்டில் ஊற்றிவிட்டு அடுத்த தட்டுக்குப் போனாள்.

தீவுக்குத் திரும்பி வரும்போது கடல் பாலத்தில் காடியை ஓட்டியது அவள். இடது கையால் கியர் போட அவனால் முடியாது. பாதிப் பாலம் தாண்டியதும் கேட்டாள்:

"போன் யாருக்கு வந்துச்சி டெரிக்?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்லா. கெல்வின் கேட்டான். ஏதாச்சும் சொல்லணும்ல."

"யாருக்கு வந்துச்சி?"

"ரெனீ தூங்குறா பின்னாடி," என்றான்.

ரெனீ தூங்கவில்லை. அவளும் அப்பா மாதிரி, கண்ணை மட்டும் மூடியிருந்தாள்.

போன வாரம் அமலம்மாள் லிட்டில் இந்தியாவுக்குப் போய் வெள்ளித் தகட்டில் செய்த ஒரு கை வாங்கி வந்தாள். வேண்டுதலுக்குக் காணிக்கையாக வைப்பது. கடையில் வலது கைதான் இருந்ததாம். திருப்பிப் போட்டால் இடது கை என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். புக்கிட் மெர்த்தாஜாமில் புனித அன்னம்மாள் திருநாள். நாளைக்குக் குடும்பமே போகிறது. அதற்காக நேற்றே அமலம்மாள் இந்தப் பிளாட்டுக்கு வந்துவிட்டாள். வந்ததும் கைக்குட்டையை அவிழ்த்துத் தகட்டை மருமகளின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீதான் வைக்கணும். வாசல்லேர்ந்து மண்டியிலயே போயி, அன்னம்மா காலடியில வச்சி, என்னால வந்த வினை, மன்னிச்சிக்கங்கன்னு கேளு. செப்டம்பர் மாசம் டாக்டருங்க நல்லதா சொல்லுவாங்க. நான் கோவத்துல சொல்லல பெவர்லி. யாரு கையால வந்துச்சோ அவங்க கையாலதான் போகும்."

கோபத்தில் சொல்லியிருந்தால் பெவர்லியால் தாங்கியிருக்க முடியும். கிழவி உண்மையாகவே அவளுக்கு ஒரு வழி காட்டுகிற மாதிரி, கன்னத்தைத் தடவிச் சொன்னாள்.

இன்றைக்குக் காலையில் டெரிக்கை மண்டபத்துக்குக் கூட்டிப்போனதும் அவள்தான். விபத்துக்குப் பிறகு முதல் நாள். ஃபிக்ரி, கூடப் பழகுகிறவன், வாசலிலேயே அவளைப் பார்த்து, அக்கா முறை வைத்து, "காக் பெவ், இந்த ஆள் கையில இனிமே கத்தி குடுக்காதீங்க" என்று சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள். பயிற்சி முடிந்து டெரிக் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது ஊய் சென்செய் அவளிடம் வந்தார். எழுபது தாண்டிய சீனர். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மெதுவான ஆங்கிலத்தில், பல் வலிக்காரியிடம் பேசுகிற பதத்தில் சொன்னார், மீன்கத்தி அந்த இடத்தில் வெட்டாது என்று. சொல்லிவிட்டுத் தன் இடது கையை விரித்துக் காட்டினார். கட்டைவிரலின் அடியில் அதே இடத்தில் பழைய தழும்பு. முப்பது வருஷத்துக்கு முன்னால், சால்மன் டின்னின் மூடி கிழித்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னாராம். இனி ஒரு வருஷம் டெரிக் மரவாள்தான் பிடிப்பான் என்றார். ஏன் என்று நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை என்றார்.

நாலரை மாதத்தில் தப்பு உன்னுடையது இல்லை என்று அவளிடம் சொன்ன ஒரே மனுஷன். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அவள் வாய் என்ன சொன்னது?

"பெரிய மீன், சென்செய்," என்றாள்.

தம் மாணவர்கள் தமக்குக் குனிவதுபோல அவர் அவளுக்குக் குனிந்துவிட்டுப் போனார். ஆண்களுக்குள் விஷயம் மரியாதையாக முடிந்துவிட்டது. ஒருத்தன் சொல்லவில்லை, ஒருத்தன் கேட்கவில்லை. நடுவில் கிடந்த மீனைத் தூக்கிப் போட யாருமில்லை.

நாடாவைப் பின்னி முடித்தபோது குளியலறைத் தண்ணீர் நின்றது. டெரிக் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். கட்டிலில் இருந்த மடிப்பைப் பார்த்து, "ஆ, மடிச்சிட்டியா" என்றான். அலமாரியைத் திறந்து, கோட்டுகளை விலக்கி, அசல் வாளை எடுத்தான். தரையில் பாய் விரித்து உட்கார்ந்தான். மாதம் ஒரு தடவை துடைத்து எண்ணெய் போடாவிட்டால் துரு ஏறிவிடும். காகிதத்தை இடது கையில் பிடிக்கக் கட்டைவிரல் வரவில்லை. மற்ற நாலு விரலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டான்.

ஹாலில் அமலம்மாள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். பெவர்லி கதவைச் சாத்திவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சென்செய்க்குத் தெரிஞ்சிருச்சி."

துடைத்த கை நின்றது. "என்னா சொன்னாரு?"

"மீன்கத்தி அந்த எடத்துல வெட்டாதாம்."

"நீ என்னா சொன்ன?"

"பெரிய மீன்னு சொன்னேன்."

மூச்சு விட்டான். "தேங்க்ஸ் பெவ்."

"தேங்க்ஸெல்லாம் வேணாம். நாளைக்கு மாமி என்னைய மண்டியில போகச் சொல்றாங்க. கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?"

"வயசானவங்க. அவங்க மனசு ஆறும்னா செஞ்சிட்டுப் போயேன். அஞ்சு நிமிஷம்தானே."

"டாக்டர்கிட்ட சொன்னேன். கமாலுதீன் வந்தப்ப சொன்னேன். இன்னிக்கி சென்செய்கிட்ட சொன்னேன். எல்லாம் ஒனக்காகத்தான், நான் இல்லேங்கல. அன்னம்மாகிட்ட போயி என்னால வந்துச்சின்னு என்னால சொல்ல முடியாது டெரிக். அங்க யாரு கண்ணுலயும் நான் மண்ணைத் தூவ முடியாது."

அவன் குரலைத் தணித்தான். "அம்மாவுக்குத் தெரிஞ்சா சாண்ட்ராவுக்குத் தெரியும். சாண்ட்ராவுக்குத் தெரிஞ்சா பாகான் டாலாமுக்கே தெரியும். கெல்வினோட அண்ணன் ஏர்போர்ட்லதான் வேலை செய்றான். யோசிச்சுப் பாரு. செப்டம்பருக்கு இன்னும் ரெண்டு மாசம்கூட இல்ல."

யோசித்தாள். அவன் சொன்னதில் தப்பு இல்லை. அதை அவள் முன்னாலேயே யோசித்து, தான் கேட்கப் போவதை மடிப்பு மடிப்பாகக் குறைத்து, இனிக் குறைக்க முடியாது என்கிற இடத்துக்கு வந்துதான் உட்கார்ந்திருந்தாள்.

"வாளைப் பத்தி நீ சொல்ல வேணாம். மீனாவே இருக்கட்டும். நாளைக்குக் காடியில போகும்போது, கோயிலுக்குப் போயி சேர்றதுக்கு முன்னாடி, மாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. பெவ் எனக்குக் கத்தி குடுக்கல, நானாத்தான் எடுத்தேன், போன் வந்தது எனக்குத்தான்னு. அவ்ளோதான் கேக்கறேன். அப்புறம் நான் மண்டியிலயே போறேன், வாசல்லேர்ந்து இல்ல, ரோட்டுலேர்ந்தே போறேன். ஒனக்காக வேண்டிக்கிட்டு வரேன்."

டெரிக் காகிதத்தைக் கீழே வைத்தான். பவுடர் நிறைத்த சின்னத் துணிப்பந்தை எடுத்து, வாளின் மேல் அடியிலிருந்து நுனிவரை மெதுவாகத் தட்டிக்கொண்டே போனான். வெள்ளைத் தூள் சீராக விழுந்தது. நுனிக்கு வந்ததும் வாளைத் திருப்பி, மறுபக்கத்தை அடியிலிருந்து ஆரம்பித்தான்.

"சொல்வியா?"

பந்து தட்டிக்கொண்டே இருந்தது. அவன் கண் வாளை விட்டு எழவில்லை.

ஹாலிலிருந்து அமலம்மாள் குரல் வந்தது. "பெவர்லி, அந்தத் தகட எங்கம்மா வச்ச? மறந்துட்டுப் போயிடக் கூடாது."

தகடு அவள் சட்டைப் பையில்தான் இருந்தது. காலையிலிருந்தே இருந்தது. மறுபக்கத்து நுனிவரை பந்து போய்ச் சேரும் மட்டும் அவள் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, மடித்த ஹக்காமாவை அவன் பையில் வைக்காமல் கட்டிலிலேயே விட்டுவிட்டு, அறையை விட்டு வெளியே போனாள்.